தோள் மாற்ற ஆள் வேண்டும்: கொடைக்கானல் மலைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை என்று தொடங்குவதுதான் வழக்கம். படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற வீடுகளுக்கு நாம் தோள் கொடுக்கிற லட்சணத்தைப் பற்றி நான் கொஞ்சம் குற்றம் சொல்லத்தான் போகிறேன். அந்தக் கணக்கில் என் பெயரும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன்.

இந்த மலையில் இருபத்தெட்டு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக நடந்தவள் நான். நடந்தவள் என்றால் உண்மையிலேயே நடந்தவள்தான். ஜீப் போகிற ஊருக்கு ஜீப்பில் போவோம். வெள்ளகவி, சின்னூர், பெரியூர் மாதிரி ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். அந்தப் பக்கத்து மக்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் டோலிதான். நீளமான கம்பில் போர்வையைத் தூளி மாதிரிக் கட்டி, அதில் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கி வருவார்கள். 108 ஆம்புலன்ஸ் 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் அது தார் ரோடு முடிகிற இடத்தில்தான் நிற்கும். அதுவரைக்கும் மனிதத் தோள்தான்.

ஒரு ஐப்பசி மாதம், பிரசவ வலியில் ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு மேலே ஏறி வந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. டோலியோடு மொத்தம் பத்துப் பேர். நான்கு பேர் தூக்க, மற்றவர்கள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். நான் டார்ச்சைப் பிடித்தபடி அவள் நாடியைப் பார்த்துக்கொண்டே வந்ததால் முதலில் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக டோலி கீழே இறங்கவே இல்லை. அந்த வழுக்குப் பாறையில் இறக்கி வைக்க இடமும் கிடையாது, இறக்கினால் உள்ளே இருக்கிறவள் குலுங்கிப் போவாள். அப்படியானால் தூக்குகிறவர்கள் எப்படி இளைப்பாறுகிறார்கள் என்று பார்த்தேன். தூக்குகிறவன் மூச்சு மாறியதுமே பக்கத்தில் வருகிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கூடவே நடந்து, தன் தோளைக் கம்புக்கு அடியில் கொடுத்து, பாரம் தன் மேல் இறங்கிய பிறகு, "ம், விடு" என்கிறான். அதற்குப் பின்தான் முதல் ஆள் தோளை உருவுகிறான். இதற்கு அவர்கள் சொல்கிற பேர் தோள் மாத்துவது. அந்த வழியெல்லாம் ஒருத்தர்கூட இன்னொருத்தரிடம், "முடியலைன்னா சொல்லுப்பா" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. டோலி தூக்கிய பத்துப் பேரில் கிறிஸ்தவர் யாரும் இல்லை. இதை வேறு எதற்காகவும் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி. அதிலிருந்து மூன்று வருடம் நான்கு மாதம் படுக்கைதான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

படுத்த படுக்கையாக இருக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகி, எலும்பு வரை போகும். இதை என் வேலைக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்கம்மா, மறந்துடாதீங்க." சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, அதில் நாலைந்து தடவை நடுராத்திரி என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இரண்டு பேர் இருந்தால் அடியில் விரித்த துப்பட்டியை இரு பக்கமும் பிடித்து, ஆளைத் துப்பட்டியோடு தூக்கி நகர்த்தலாம். ஒரே ஆள் என்றால் இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் படுக்கையில் உராயும், புண் வராமல் இருக்கச் செய்கிற வேலையே புண்ணைக் கொண்டுவரும். அதாவது நான் அந்தக் குடும்பங்களுக்குச் சொன்ன புத்திமதி இரண்டு ஆள் புத்திமதி. கேட்டுக்கொண்டு நின்றதோ பெரும்பாலும் ஒரே ஒரு மருமகளோ மகளோ. அவர்கள் எல்லாரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்புறம் துணி. கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஒரு போர்வை காய மூன்று நாள் ஆகும். ஒரு நாளைக்கு நாலு துப்பட்டி நனைகிற வீட்டில் அந்த மழை மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுப்படியில் கொடி கட்டி, விறகுப் புகையில் காயப்போட்டு, புகை நாற்றத்தோடேயே அம்மாவுக்கு விரிப்பேன். ஒருநாள் அம்மா பாதிப் பேச்சில், "கருவாடு மாதிரி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சபை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆயர் ஐயா வந்தார்கள், பெண்கள் சங்கம் வந்தது, கமிட்டியிலிருந்தும் வந்தார்கள். பத்துப் பேர் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபித்து, பிரெட்டும் பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கிறிஸ்மஸ் சமயம் என் அலமாரியில் ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. அம்மாவுக்குச் சர்க்கரை. பத்துப் பேருக்கும் டீ போட்டது யார் என்றும் கேட்கலாம், நான் கேட்கவில்லை. ஒருமுறை படமும் எடுத்தார்கள். அம்மாவின் சேலை விலகியிருந்ததை நான் சரிசெய்வதற்குள் அது வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய்விட்டது. என் அம்மா முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர், முக்காடு இல்லாமல் ஆலயத்துக்குள் வந்ததில்லை.

புறப்படும்போது எல்லாரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான். "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க சிஸ்டர்." அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் கேட்பதும் ஒரு வேலைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். யாருக்கு எந்த நாள் ஓய்வு, யாரிடம் மலத்துணி அலசச் சொல்லலாம், யாரிடம் சொன்னால் முகம் மாறும் என்று யோசித்து, போனை எடுத்து, தயங்கி, கீழே வைப்பதற்கும் தெம்பு வேண்டும். இருக்கிற சுமையின் மேல் அதையும் ஏற்றிவிட்டுப் போகிறோம். டோலியில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே கேட்பதற்கு முன்பே தோள் வந்துவிடும்.

இன்னொரு வார்த்தையும் சொன்னார்கள்: திராணிக்கு மேல் தேவன் சோதிக்க மாட்டார். ஒன்று கொரிந்தியர் 10-ஆம் அதிகாரம். ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவைப் புரட்டிவிட்டு, எனக்குத் திராணி இவ்வளவு இருக்கிறது என்று தேவன் எப்படிக் கணக்குப் போட்டார் என்று கோபத்தோடு அந்த வசனத்தை எடுத்து வாசித்தேன். "உங்கள் திராணிக்கு மேலாக" என்றுதான் இருக்கிறது. தமிழில் ஒரே ஆளுக்கும் மரியாதைக்காக 'நீங்கள்' போடுவதால், யாரோ நமக்கு மட்டும் மரியாதையாகச் சொன்ன மாதிரி கேட்டுவிடுகிறோம். பவுல் எழுதியது ஒரு சபைக்கு. மூலத்தில் அது பன்மை என்று அடுத்த முறை வந்த ஆயர் ஐயாவும் சொன்னார்கள். அப்படியானால் அந்தத் திராணி எல்லாருடைய திராணியும் சேர்ந்தது. அதைத் தனியாக இருக்கிற ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, மற்ற நூறு பேரின் திராணியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் கணக்கு எப்படிச் சரிவரும்?

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்திலும் இதே சங்கடம் உண்டு. இரண்டாம் வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. ஐந்தாம் வசனத்துக்கு வந்தால் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே என்கிறது. கமிட்டியில் செலவு பற்றிப் பேச்சு வந்தால் இரண்டாம் வசனத்துக்கு ஒரு கட்சி, ஐந்தாம் வசனத்துக்கு ஒரு கட்சி என்று பிரிவதை நானே பார்த்திருக்கிறேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் 'பாரம்' என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் வேறு வேறு சொல். முன்னது பாரோஸ், ஆளை அமுக்குகிற கனம். பின்னது ஃபோர்தியோன், ஒருவன் வழக்கமாகத் தூக்கிப் போகிற சுமை. இதற்குக் கிரேக்கம் படிக்க வேண்டியதில்லை. காய்கறி லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டாலே போதும். நடக்கும்போது மூட்டை அவனவன் முதுகில்தான். ஆனால் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். "கை குடுப்பா" என்று கேட்கிறார்களே, அதுதான். பெரியகுளம், மதுரைப் பக்கம் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். கர்ப்பமாக இருந்து இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டு வைத்தது. தனியாக வருகிறவன் தலைச்சுமையைக் குனியாமல் நகர்த்தி வைக்கவும், யாரும் தூக்கிவிடாமலே மறுபடி எடுத்துக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் குறுக்குக்கல் இருக்கும். பிரசவத்தில் இறக்கி வைக்க முடியாமலே போன ஒருத்திக்காக, ஊரார் இறக்கி வைக்க ஒரு இடம் செய்தார்கள். படிப்பறிவில்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற நம் முன்னோரின் வேலை அது.

என் வீட்டுக்கு அப்படி ஒரு ஆள் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர், பூண்டு தரம் பிரிக்கிற கூலி வேலை. நெற்றியில் திருநீறு, சபைப் பதிவேட்டில் பெயர் இருக்க வழியில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "யக்கா, நீங்க போய்ப் படுங்க. நான் ஆத்தாகிட்ட உக்காந்திருக்கேன்" என்றார். நான் வழக்கம்போல, "பரவாயில்லம்மா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாலு மணி நேரம் தூங்கினேன். எழுந்து பார்த்தால் அம்மா மறுபக்கம் புரட்டப்பட்டிருந்தார், துப்பட்டி இரண்டும் மூட்டையாகக் கட்டியிருந்தது. அவர் வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு நல்ல வெயில் மூலை உண்டாம், அங்கே காயப்போட்டுக் கொண்டுவருகிறேன் என்றார். அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த புதனும். அந்த அரை நாள் கூலி அவருக்குப் போகிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

லூக்கா 10-ல், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். "நான் திரும்பி வரும்போது" என்று அவன் சொன்னதை விட்டுவிடுகிறோம். முதல் தடவை வருகிறவர்கள் நிறையப் பேர். இரண்டாவது தடவைதான் ஆள் குறைகிறது.

நம் மலையில் சபை வந்ததே தோளில்தான். சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் இங்கே சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கி வந்தவர்கள் நம் ஆட்கள். பெட்டி படுக்கை, சமையல் சாமான் எல்லாம் தலைச்சுமை. 1910-களில் காட் ரோடு என்கிற மலைச்சாலை போட்டு மோட்டார் வரும்வரை எழுபது வருடம் இதுதான் நடந்தது. பங்களாப் பெயர்களை இன்றும் சொல்கிறோம், தூக்கியவர்களை யாரும் சொல்வதில்லை. மிஷனரிகள் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தந்தார்கள், அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. நான் படித்ததே அப்படி ஒரு பள்ளியில்தான். இருந்தாலும் சபை ஆண்டுவிழாவில் சரித்திரம் வாசிக்கும்போது ஒரு வரியாவது சேருங்கள்.

மாற்கு 2-ல் கைகால் விழுந்த திமிர்வாதக்காரனை இயேசுவிடம் நாலு பேர் சுமந்து வருகிறார்களே, அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு டோலிதான் ஞாபகம் வரும். அங்கேயும் நாலு பேர்தான். அவர்களுக்கும் பெயர் எழுதப்படவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் இருக்கிறது. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சரி, நான் கேட்பது என்ன?

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பக் குறிப்பு வாசிக்கிறீர்கள். இன்னாருக்குக் கிட்னி, இன்னாருக்கு ஆபரேஷன், இன்னார் படுக்கையில். அந்தத் தாளில் பெயருக்கு எதிரே இன்னொரு கட்டம் போடுங்கள். யார் போகிறார், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் காலி என்றே வாசியுங்கள். சபை கேட்கட்டும். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் தானாகவே ஜெபிப்பார், வேறு என்ன செய்வது.

இது பெண்கள் சங்கத்து வேலை என்று கமிட்டியில் தள்ளிவிடாதீர்கள். அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமித்தார்கள். சபையின் முதல் கமிட்டி அதுதான் என்று நான் நினைக்கிறேன். கட்டடத்துக்காகவோ கணக்கு வழக்குக்காகவோ கூட்டியதில்லை, சாப்பாடு போய்ச் சேராத வீடுகளுக்காகக் கூட்டியது. ஏழு பேரும் ஆண்கள். படுத்திருக்கிற ஆண்பிள்ளையைப் புரட்ட எழுபது வயது மனைவி ஒருத்தியால் முடியாது. வாலிபர் சங்கத்தில் கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் தூக்குகிற கைகள் எத்தனை இருக்கின்றன! தம்பிகளே, துப்பட்டியைப் பிடித்து ஆளை நகர்த்துவது எப்படி என்று அரை மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும்போது ஒரு காலிஃபிளவரை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிற தாராளம் நம்மிடம் இருக்கிறது. பூம்பாறைப் பூண்டு ஒரு கட்டுக்குப் போட்டி நடக்கும். இந்த வருடம் அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, படுக்கைப் புண் வராமல் தடுக்கிற காற்று மெத்தை (ஏர் பெட்) இரண்டு, ஒரு சக்கர நாற்காலி, ஒரு கமோடு நாற்காலி வாங்கி ஆலயத்து அறையில் வையுங்கள். தேவைப்படுகிறவர்கள் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும், எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க வேண்டாம். மிச்சத்தில் வண்டிக்கூலி கொடுங்கள். திண்டுக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தேனியிலும் இருக்கிறது. ஆனால் கூலிக்காரக் குடும்பத்துக்கு மலை இறங்கி ஏறுகிற செலவும், அன்றைக்குப் போகிற கூலியும் சேர்ந்தால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. கூடப்போகிறவருக்குக் கூலியை ஈடுகட்டுவதும் தர்மம்தான், அதைக் கணக்கில் எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும் வலி தணிக்கிற பராமரிப்பும் அதில் உண்டு. என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு போகிறார்கள். ஆனால் எந்தத் திட்டமும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து துப்பட்டியின் மறுமுனையைப் பிடிக்காது. அதற்குப் பக்கத்து வீடுதான் வேண்டும்.

போட்டோ வேண்டாம். கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனி வரும்போது படுக்கையாளர் இருக்கிற வீட்டு வாசலில் டிரம் வேண்டாம், ஒரு பாட்டு மெதுவாகப் பாடினால் போதும். இவை சின்ன விஷயங்கள், விட்டுவிடுகிறேன்.

என் பங்குக் குற்றத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உண்மையாகவே உதவ வந்த இரண்டு மூன்று பேரை நானே, "பரவாயில்ல, நான் பார்த்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். நர்ஸ் வீட்டில் இப்படிக் கிடக்கிறது என்று யாரும் பார்த்துவிடக்கூடாதே என்ற வீம்பு. தோளை உருவ மாட்டேன் என்று அடம்பிடித்தால் பக்கத்தில் நடந்து வருகிறவன் என்ன செய்வான்? இப்போது பாரம் சுமக்கிற வீடுகளும் இதை வாசித்தால், என்னைப் போல் செய்யாதீர்கள்.

அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசி வரை முதுகில் புண் இல்லை. அதற்கு நானும் அந்தப் பூண்டுக்கார அம்மாவும் காரணம், பாதிக்குப் பாதி.

எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு வீட்டில் இப்போது ஒரு பெரியவர் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மனைவிக்கு எழுபத்திரண்டு வயது. செவ்வாய் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை நான் போகிறேன். புதன் அந்த அம்மா போகிறார். சனிக்கிழமைக்கு வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், துப்பட்டி பிடிக்கவும் கற்றுக்கொண்டார். வியாழக்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. மழை தொடங்கிவிட்டது, துணி காயப்போட வெயில் படுகிற கூரை உள்ள வீடும் ஒன்று வேண்டும்.

கிறிஸ்துவுக்குள்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கொடைக்கானல்